நானா இறக்காமல் விட்ட விமானம்

நானா, என் உடன்பிறந்த அண்ணன், விமானி அல்ல. வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பதினொரு வருடம் பெட்டி ஏற்றி இறக்கினார். விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நின்று வேலை செய்தவர், அதை ஓட்டுகிறவர்கள் உட்காரும் அறையை ஒரு நாளும் கண்டதில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுதென்று வைத்தியர்கள் சொன்ன பிறகு புத்தளம் பக்கம் எங்கள் ஊர் மாம்புரிக்குத் திரும்பி வந்தார். போர் முடிந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. வரும்போது ஒரு கொம்பியூட்டரையும் கொண்டுவந்தார். விமானம் ஓட்டும் அந்த விளையாட்டு அதில்தான் இருந்தது.

விளையாட்டு என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகாத நாட்களில் எல்லாம் விடியச் சுபஹு தொழுதுவிட்டு, ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுக் கதிரையில் உட்காருவார். தான் வேலை செய்த அதே விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு வருவார். வேறெங்கும் போகமாட்டார். போகும் பாதையை முன்கூட்டியே எழுத்தெழுத்தாக உள்ளே கொடுத்து, விமானத்தை ஓடுபாதையில் ஓட்டிக் கிளப்பி, கொஞ்ச உயரம் போனதும் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு விமானம் தானாகவே போகும். உயரத்தை அதுவே பிடித்துக்கொள்ளும், திரும்ப வேண்டிய இடத்தில் அதுவே திரும்பும். உண்மையான பயணத்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம், நாலரை மணித்தியாலம். நேரத்தை வேகமாக ஓடவிட அந்த விளையாட்டிலேயே வழி இருந்தது. நானா ஒரு தரமும் அதைத் தொட்டதில்லை. எண்ணெயையும் தேவையைப்போல இரண்டு மடங்கு நிரப்புவார். ஏனென்று கேட்டதற்கு, கிடக்கட்டும் என்றார்.

எனக்கு அடுத்த வளவில் வீடு. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவருடைய அறைப் பக்கம் போனால் திரையில் நீலமாக வானம் தெரியும், அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நோயாளியான ஒரு மனுசன் இப்படி அரை நாளைக் கழிப்பது எனக்குத் துக்கமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"எல்லாத்தையும் அதுதானே செய்யிது. நீங்க என்னத்துக்கு நானா குந்திக்கிட்டிருக்கீங்க?"

அவர் கோபிக்கவில்லை. "எல்லாம் செய்யும். கீழ எறங்குற மட்டும் தானாச் செய்யாது. அதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார்.

பிறகு விளங்கப்படுத்தினார். இலங்கைக் கரைக்கு இன்னும் நூறு மைல் கடல் இருக்கும்போதே ஓர் இடம் வருமாம். அந்த இடத்தில் விமானி உயரத்தின் இலக்கத்தைக் குறைத்துவிட வேண்டும். குறைத்தால் விமானம் தாழத் தொடங்கும். குறைக்காவிட்டால் அது இருந்த உயரத்திலேயே கொழும்பைத் தாண்டிப் போகும். எண்ணெய் தீரும்வரை போய்க்கொண்டே இருக்கும். சொல்லிவிட்டு மௌஸின் நடுச் சக்கரத்தைச் சுட்டுவிரலால் தன்பக்கம் இழுத்து இழுத்துக் காட்டினார். திரையில் இலக்கம் குறைந்து குறைந்து வந்தது. கரை தெரிகிற நேரம் நல்ல வடிவாக இருக்கும், ஒரு நாளைக்குக் கூட இருந்து பார் என்றார். ஓம், வருகிறேன் என்றேன். பிறகும் இரண்டு தரம் கூப்பிட்டனுப்பினார். திருத்த வேண்டிய கொப்பிகள் இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். ஒரு தரம் அது உண்மை.

அந்த நாள் பள்ளிக்கூட விடுமுறை. நானாவுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் முறை மறுநாள்தான் இருந்தது. பத்து மணியிருக்கும், கிணற்றடியில் உடைந்த குழாயொன்றைப் பொருத்திக்கொண்டிருந்தேன். நானாவின் மனைவி, என் மதினி, கூப்பிட்ட சத்தத்திலேயே விசயம் விளங்கிவிட்டது. ஓடிப் போனேன். நானா கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். மூச்சு பெரிய சத்தமாக வந்தது. அவருக்கு முன்னால் திரையில் வெள்ளை மேகங்கள் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் அதைக் கண்டேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

முன்வீட்டு மீன்காரர் தன்னுடைய ஓட்டோவைக் கொண்டுவந்தார். இருவருமாக நானாவைத் தூக்கி ஏற்றினோம். கிளினிக் கொப்பியையும் உடுப்பையும் எடுத்துக்கொண்டு வேறொரு வண்டி பிடித்துப் பிறகு வருவதாக மதினி சொன்னார். பின் ஆசனத்தில் நானாவின் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

புத்தளத்துக்கு நல்ல தூரம். மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளைக் கடந்து கொஞ்சம் போயிருப்போம். நானா கண்ணைத் திறந்தார்.

"எறக்கு" என்றார்.

ஆஸ்பத்திரி வந்துவிடும் நானா, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் மறுபடியும் "எறக்கு, எறக்கு" என்றார். குரல் தெளிவாக இருந்தது. கெஞ்சவில்லை, அதட்டவுமில்லை.

ரோட்டுக் குலுக்கலைத் தாங்கமுடியாமல் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் எதையும் கேட்கிற ஆள் அல்ல. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை இயக்கத்தவர்கள் வெளியே போகச் சொன்னபோது எனக்கு ஐந்து வயது, அவருக்குப் பன்னிரண்டு. கற்பிட்டி வந்து சேரும்வரை படகில் என்னுடைய இடுப்பைப் பிடித்திருந்த கை அவருடையது. அப்படிப்பட்டவர் இறக்கு என்கிறார். ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். மீன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்துங்கள் என்று மறுபடியும் சொன்னேன்.

களப்புத் தண்ணீர்ப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் கீழே மீன்காரர் ஓட்டோவில் வைத்திருந்த சாரத்தை விரித்து நானாவைக் கிடத்தினோம். காற்று நன்றாக வந்தது. இப்போது சுகமா நானா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. வலது கையின் சுட்டுவிரல் மட்டும் மணலில் மடங்கி மடங்கி நீண்டது. வலிப்பு வரப்போகிறது என்று பயந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்தேன். விரல் என் உள்ளங்கைக்குள்ளேயும் அசைந்தது. நான் இன்னும் இறுக்கினேன். அது நின்றது.

நேரம் போகிறது என்று மீன்காரர் சொன்னார். மறுபடியும் தூக்கி ஏற்றினோம். எவ்வளவு நேரம் அங்கே நின்றோம் என்று எனக்குத் தெரியாது. மூன்று நிமிடமாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். வார்டுக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் நானா மௌத்தானார். மதினி கிளினிக் கொப்பியோடு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

பழைய நோயாளி, எல்லாருக்கும் தெரிந்தவர் என்றபடியால் ஜனாஸாவை அதிக நேரம் வைத்திருக்காமல் தந்தார்கள். ஒன்றரை மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடிய மூன்று மணி. வீடு நிறையச் சனம். யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. மூடியிருந்த அறைக்குள்ளிருந்து மணி அடிப்பதுபோல, விடாமல், ஒரே அளவில். ஓதல் ஒரு கணம் தடுமாறி மறுபடி தொடர்ந்தது. யாருடைய போன் அது, நிற்பாட்டுங்கள் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கதிரை காலையில் நாங்கள் தள்ளிவிட்ட இடத்திலேயே கோணலாக நின்றது. திரையில் ஒரு சிவப்பு எழுத்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. விமானம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நாங்கள் மரத்தடியில் நின்ற நேரத்தில் அது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியிருக்கிறது. நானா வார்டில் கிடந்த நேரத்தில் கொழும்புக்கு மேலால் போயிருக்கிறது. நாட்டின் மறுகரையையும் தாண்டி, கொடுத்த பாதை முடிந்த பிறகும் அதே திசையில், அதே உயரத்தில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் தனியாகப் பறந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறிய வரைபடம் தெரிந்தது. அதில் வெள்ளையாக ஒரு விமானம். அதைச் சுற்றி ஒரு தீவோ கரையோ பெயரோ இல்லை, வெறும் நீலம். எண்ணெய் முடிந்து இரண்டு இயந்திரமும் நின்றுவிட்டன. காற்றில் வழுக்கிக்கொண்டு தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. உயரத்தின் இலக்கம் இப்போது தானாகவே குறைந்தது.

நான் மௌஸில் கை வைத்தேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கொம்பியூட்டரை நிற்பாட்டியிருக்கலாம். ஏனோ அதைச் செய்யக் கை வரவில்லை. முப்பதாயிரம் அடியிலிருந்து இருபத்தேழாயிரம் அடிவரை நின்று பார்த்தேன். வெளியே என்னைத் தேடினார்கள். சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்துக்கு நான் தோள்கொடுக்க வேண்டும். சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, விமானத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது. விமானம் நீரில் மோதியது என்றும், மறுபடி தொடங்குவதா என்றும் கேட்டு நடுவில் இரண்டு வரி நின்றது. மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

அதன் பிறகு எனக்கு அந்த மணிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. வகுப்பில் பாடம் நடத்தும்போது வரும். பஸ்ஸில் போகும்போது வரும். பிள்ளைகளிடம் கேட்கிறதா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொள்வேன். இரண்டு மாதம் கழித்து, நானாவைக் கடைசியாகப் பார்த்த வைத்தியரைச் சந்திக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐந்து நிமிடம் முந்தி வந்திருந்தால் ஏதாவது வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். அடுத்த நோயாளியின் கொப்பி அவருடைய கையில் இருந்தது.

கணவன் இறந்த பிறகு வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் இத்தாவில் மதினி இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் நான் அவர் முன்னால் போகவில்லை. சாமான் வாங்கிக் கொடுத்தாலும் நானாவின் பிள்ளைகளிடம்தான் கொடுத்தனுப்பினேன். இத்தா முடிந்த கிழமை மதினி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கொம்பியூட்டரை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு அது வேண்டாம் என்றார். நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதவடியில் நின்று, அந்த அறை பேசாமல் கிடப்பதுதான் தாங்கமுடியாமல் இருக்கிறது என்று தொடங்கினார்.

"பத்தேகாலுக்கு எறக்கு, எறக்குன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டிருப்பாரு தம்பி. ஒவ்வொரு நாளும் அடுப்படிக்குக் கேக்கும். அதக் கேட்டுத்தான் நான் சோத்துக்கு உலை வைப்பன்."

கம்பி என் கையிலிருந்து அவிழ்ந்து விழுந்தது. குனிந்து பொறுக்கினேன். மணலில் அசைந்த விரலும், அதை நான் பிடித்து நிறுத்தியதும் அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. அவர் தன்னை இறக்கச் சொல்லவில்லை, விமானத்தைச் சொன்னார். கூட இருந்து பார் என்று மூன்று தரம் கூப்பிட்டவர், நாலாவது தரமும் அதையேதான் சொன்னார். நான் வண்டியை நிறுத்தினேன்.

வழியில் நாங்கள் நிறுத்தியது மதினிக்குத் தெரியாது. மீன்காரரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மதினி கேட்டார். "ஓட்டோவில போகக்குள்ள உங்ககிட்ட ஏதும் கதைச்சாரா?"

"இல்ல மதினி" என்றேன். "ஒண்டும் கதைக்கல்ல."

அவர் தலையை ஆட்டினார். கஷ்டப்படாமல் போயிருப்பார் என்றார். நான் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி என் வளவுக்கு வந்தேன்.

அதை ஓட்டப் பழக எனக்கு ஒரு வருடம் எடுத்தது. இப்போது விடுமுறை நாட்களில் நானா வந்த அதே பாதையில் வருகிறேன். பொத்தானை அழுத்திய பிறகு எழுந்து போய்ச் சாப்பிடலாம், தொழலாம், குளிக்கலாம். ஆனால் விமானம் தானாகப் போய்க்கொண்டிருக்கும்போது என்னால் கதிரையை விட்டு எழும்ப முடிவதில்லை. தொழுகை நேரம் தவறிக் கழாவாகிப் போவதைப் பார்த்து மனைவி கோபிக்கிறாள். அவளிடமும் நான் காரணம் சொல்லவில்லை. அந்த இடம் வரும்போது சுட்டுவிரலால் சக்கரத்தை இழுக்கிறேன், இலக்கம் குறைகிறது. கரை தெரிகிறது. அவர் சொன்னதுபோல நல்ல வடிவாகத்தான் இருக்கிறது.

மீன்காரர் இப்போது வெளிநாட்டில். பெருநாளைக்குப் பெருநாள் போன் எடுப்பார். மதினி சுகமா, பிள்ளைகள் எப்படி, காற்று எப்படி, கடலுக்குப் போகிறார்களா என்று எல்லாம் விசாரிப்பார். அந்த மரத்தடியைப் பற்றி அவர் கேட்டதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கதைத்து முடிந்த பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருப்போம்.