முள் போட்ட வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்கு ஒரே உற்சாகம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறேன்... நானாவது, மல்லாட்டையாவது!

அங்கே தானமாகக் கிடைத்த நிலத்தில் சில கூலிக் குடும்பங்கள் கூட்டாகப் பயிர் செய்கின்றன. விதை வாங்கிக் கொடுத்தது திண்டிவனத்து நண்பர்களாகிய நாங்கள். அறுவடைக்கு ஒரு நாள் வந்து குனிய வேண்டும் என்பதும் பேச்சு.

போனால், யாரும் நிலத்தில் இறங்காமல் நிற்கிறார்கள். என்ன விஷயம்?

அந்தக் குடும்பங்களில் ஒருத்தி அஞ்சலை. முந்தின வாரம்தான் புருஷனைப் பறிகொடுத்தவள். கருமாதி முடியும்வரை அவள் பயிரில் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவரவர் வரிசையில் பிடுங்குவதுதான் அவரவர் பங்கு. பிடுங்க வராவிட்டால் பங்கு கிடையாது – இது அவர்களே வைத்துக்கொண்ட சட்டம். அவளை விட்டுவிட்டு இறங்க மற்றவர்களுக்கு மனசு வரவில்லை. தள்ளிப்போடலாம் என்றால் ஐப்பசி வானம். இன்னொரு மழை பெய்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

"நான் பிடுங்கறதை அந்த அம்மாவுக்கே குடுத்துடுங்க" என்றேன், பெரிய மனுஷத் தோரணையில்.

"பிச்சைன்னா தொட மாட்டா சார்" என்றார் வேலையைக் கவனிக்கும் முனுசாமி. கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்லாம். அவ வரிசையில அவ ஆளா நீங்க எறங்குங்க. சட்டத்துக்கும் பேஜாரு இல்ல. ஜல்தி எறங்குங்க சார்!"

இறங்கினேன். நிலத்தை ஒட்டியிருந்த குடிசை வாசலில் அஞ்சலை, இடுப்பில் குழந்தையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் இழுத்த இழுப்பில் செடி கையோடு வந்தது. காய் மண்ணோடு தங்கிவிட்டது. பொழுது சாய்ந்தபோது மற்றவர்களின் குவியல்களுக்கு நடுவே அவளுடையது மட்டும் குட்டையாக இருந்தது. அவள் பிள்ளைகளின் சோற்றையல்லவா மண்ணில் விட்டுவிட்டேன்?

பிடுங்கி முடித்த நிலத்தில் மிச்சம் மீதியை யார் வேண்டுமானாலும் கிளறி எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கூடைகளோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் காத்திருந்தார்கள். முனுசாமி போய் முள் வெட்டி வந்து, அஞ்சலையின் அந்த ஒரு வரிசையைச் சுற்றிப் போட்டார்.

"கருமாதிய முடிச்சுக்கினு அவளே வந்து கெளறட்டும். யாரும் கை வெக்காதீங்க."

கூடைக்காரப் பெண்களும் பசித்தவர்கள்தான். ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை, ஒதுங்கிப் போனார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு பேர் கூடி வைக்கிற சட்டம் கறாராகத்தான் இருக்கும். அதில் ஓர் ஆள் நுழைய இடம் விடுவதும் அந்த நாலு பேர்தான் – நம் ஆபீஸ்களில் அந்த இடத்தை அடைத்துவிடுகிறோம்.

இதை எழுதும்போது திண்டிவனத்தில் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. ஏரி நிறையட்டும் என்று ஊரே வேண்டிக்கொள்கிறது... நான் ஒருவன் மட்டும், கருமாதி முடியட்டும், அதுவரை பெய்யாதே என்று ஆகாயத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.