தீர்ந்து போகாத காரீயம்

கலகெதரையைத் தாண்டி உள்ளே போனால் நான் பிறந்த காரீயச் சுரங்க ஊர் வரும். ஊர் என்று சொல்வதே அதிகம், இன்று அங்கே ஒரே ஒரு குடும்பம்தான். காரீயம் தீர்ந்தது, கம்பெனி மூடியது, சனங்கள் போய்விட்டார்கள் என்பதுதான் அப்பா எங்களுக்குச் சொன்ன கதை. அம்மா கதை சொல்ல மாட்டாள், சாபம்தான் விடுவாள். கண்டியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, கம்பெனிக்காரனுக்கு மண்ணள்ளித் தூற்றாமல் அவள் தூங்கியதே இல்லை. சாகும்வரை அப்படித்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்.

அப்பாவுக்கு இப்போது சரியாக நடக்க முடியவில்லை. கால் முழுதாக விழுவதற்குள் ஊரைக் காட்டிவிடுவோம் என்று ஆட்டோ பேசினேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று எரிந்து விழுந்தார். பிடிவாதத்தில் நானும் குறைந்தவள் இல்லை. போனில் படம் எடுத்து வந்தாவது காட்டுகிறேன் என்று குட்செட் பஸ் நிலையத்தில் ஏறினேன்.

சுரங்க ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குக் கூரை இல்லை. எங்கள் வீட்டு வாசல் நிலையைக்கூட எவனோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தான். நான் படித்த பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பலாமரம் காய்த்து நின்றது. அங்கேயே தங்கிவிட்ட ஒருவர், என்னைவிட இளையவர், மிளகு பறித்துக்கொண்டிருந்தார். அவர்தான் சுரங்கக் குழியின் வாயைக் காட்டினார். கறுப்புத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. இருந்ததையெல்லாம் சுரண்டிக்கொண்டு போய்விட்டார்களே பாவிகள் என்று அம்மா மாதிரியே ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“சுரண்டலையேக்கா. பாதிக்கு மேல கீழதான் கெடக்கு.”

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மாரியம்மன் தேர் லயத்தைச் சுற்றும்போது ஊரில் எந்த எஞ்சினும் ஓடக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கீழே ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்பு மட்டும் விலக்கு. அந்த வருடம் விடாத மழை, சேற்றில் தேர் நகரவில்லை. பம்புச் சத்தம்தான் அம்மனுக்கு ஆகவில்லை என்று கோயில் தலைவர் அதையும் நிறுத்தச் சொன்னாராம். சுரங்கத்தை நடத்திய துரை வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லையாம். தேர் கோயிலுக்குத் திரும்புவதற்குள் தண்ணீர் ஏறி, பம்பே மூழ்கிப்போனது. இனிமேல் இறைத்துக் கட்டுப்படியாகாது என்று கம்பெனி கதவைச் சாத்தியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயில் தலைவர் என் அப்பா. யானை தன் தலையில் மண் போட்டுக்கொண்டால் அதன் தலையோடு போய்விடும், இவர் ஊர் முழுக்கப் போட்டிருக்கிறார். அம்மாவின் வெந்துபோன கைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு படமும் எடுக்காமல் திரும்பினேன். பஸ்ஸில் வழி நெடுக, அவரைக் கேட்கப் போகிற கேள்விகளை அடுக்கிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அப்பா கதிரையில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டார்.

“தண்ணி எது வரைக்கும் நிக்குது?”

அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது. வாய் வரைக்கும் என்றேன். அம்மாவை இப்படிக் கடைசிவரை ஏமாற்றினீர்களே என்று மட்டும் கேட்க முடிந்தது.

“அவளுக்கு அன்னைக்கே தெரியும். புள்ளைங்க உங்கள வெறுத்துரும், நீங்க பேசாம இருங்க, நான் கம்பெனியத் திட்டிக்கிறேன்னு அவதான் சொன்னா.”