சுவரைத் தொடாத சாரம்

தாணுலிங்கம் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும், அவருடைய மேசையிலிருந்து தப்பான கோப்பு ஒன்றுகூட வெளியே போனதில்லை. கோப்பே அதிகம் வெளியே போனதில்லை என்பதால் அது சாத்தியமாயிற்று. எந்தத் தாள் வந்தாலும் ஓரத்தில் 'ஆலோசித்துச் செய்க' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவார். யாரோடு ஆலோசிக்க வேண்டும், யார் செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதமாட்டார். அதனால் அவருக்கு எதிரிகளே இல்லாமல் போனார்கள். காலையில் பாறசாலையில் பாசஞ்சர் ஏறி, மாலையில் அதே பாசஞ்சரில் இறங்கி, ஆட்சிகள் மாறியும் தான் மாறாமல் நல்லபடியாக ஓய்வு பெற்றார்.

வீட்டிலும் இதே முறைதான். மகன் சபரீஷ் என்ன படிப்பது, மகள் தாராவுக்கு எந்த வரன், உதியன்குளங்கரையிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில் வாங்கிய மனையில் எப்படி வீடு கட்டுவது, எல்லாவற்றுக்கும் அவர் "ஆலோசிக்கலாம்" என்றார். அவர் ஆலோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி அம்மிணி செய்து முடித்துவிடுவாள். பிறகு அவர் அது தனக்கும் தோன்றியதுதான் என்பார்.

அந்த வீட்டின் வெளிச்சுவருக்கு அடித்த நிறம் மட்டும் அப்படி வந்ததில்லை. தாராவின் கல்யாணத்துக்கு முன்னால் பெயின்ட் வாங்கப் பாறசாலைக்குப் போனார்கள். அம்மிணிக்குப் பக்கத்துக் கடையில் துணி தைக்கக் கொடுக்கிற வேலை இருந்தது. தனியாக நின்ற தாணுலிங்கத்தின் முன்னால் கடைக்காரப் பெண் நிறங்களின் அட்டையை விரித்துவைத்தாள். இளநீரை வெட்டினால் உள்ளே வழுக்கையில் ஒரு வெளிறிய பச்சை தெரியுமே, அதைப் போல ஒரு நிறம். அவருடைய விரல் தானாகப் போய் அதன்மேல் நின்றது.

"இது மதியோ சாரே? உறப்பா?" என்று, இது போதுமா, நிச்சயம்தானா என மலையாளத்தில் கேட்டாள் அந்தப் பெண்.

"உறப்பு" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையைவிட அதிகமாகச் சுவரைப் புகழ்ந்தார்கள் என்பது அவருடைய எண்ணம். அன்றுமுதல் அந்தச் சுவர் அவருடையதாயிற்று. வீட்டின் மற்ற பாகங்கள் அம்மிணிக்கு. கேபிள்காரன் சுவரில் ஆணி அடிக்க வந்தபோது, கம்பி பக்கத்து வீட்டு ராஜையாவின் தென்னையில் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக வரும்படி ஆனது. கொரியர் கொண்டுவருகிற பையன் சுவரில் கைவைத்து நின்றால், "தள்ளி நில்லு மக்கா" என்று குரல் வரும். சாயங்காலம் பல்லி ஓட்டுவதற்கென்றே பத்திரிகையைச் சுருட்டி வைத்திருப்பார். ஜங்ஷனில் ஆட்டோக்காரர்களிடம் அவருடைய பெயரைச் சொன்னால் தெரியாது. 'செவரு சாருக்க வீடு' என்றால் வாசலிலேயே கொண்டு விடுவார்கள்.

வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை தொடங்கி நன்றாகப் பிடித்துக்கொண்ட சமயத்தில் மாடி அறையின் மூலையில் ஈரம் கசிந்தது. முதலில் ஒரு தட்டளவு, பிறகு ஒரு முறத்தளவு. அம்மிணி அதன்கீழே வாளியை வைத்துவிட்டுக் கீழே வந்தாள்.

"இஞ்ச பாருங்க, மேல ஓடு ஏதோ பொட்டியிருக்கு. ஆளை விட்டுப் பாக்கணும்."

"ஆலோசிக்கலாம்."

வாளி நிறைந்தது. அம்மிணி உதியன்குளங்கரையில் கூரை வேலையும் சாரம் கட்டுகிற வேலையும் எடுத்துச் செய்கிற ஜிஜினுக்கு போன் செய்தாள். அவன் முப்பதைத் தாண்டிய, எதற்கும் அவசரப்படாத ஆள். மறுநாளே ஓர் ஆளையும் நீளமான அலுமினிய ஏணியையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஏணியைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் சாய்க்கப் போன நேரத்தில், உள்ளேயிருந்து தாணுலிங்கம் பாய்ந்து வந்தார்.

"எலே, எலே! செவருல சாய்க்காதே!"

ஜிஜின் ஏணியை நட்டுக்குத்தலாகப் பிடித்தபடி நின்றான். "சாரே, ஏணிய பின்ன எதுல சாய்க்க? ஆகாசத்துலயா?"

"அது நீயாக்கும் பாக்கணும். செவருல ஒரு பொட்டு விழப்பிடாது."

மாடிக்குமேல் கூரைக்குப் போக உள்ளே படி கிடையாது. வெளியேதான் ஏற வேண்டும். ஏணி நுனியில் துணி சுற்றலாம் என்றான் ஜிஜின். துணியின் சாயம் ஒட்டும் என்றார் தாணுலிங்கம். இரும்புக் குழாய்களால் சாரம் கட்டி அதை ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டலாம் என்றான். கம்பிக்கும் பெயின்ட் அடித்திருக்கிறது என்றார். குழாய் முனைக்கு ரப்பர் மாட்டிச் சுவரில் மெதுவாக முட்டுக் கொடுக்கலாம் என்றான். ரப்பர் கறுப்புக் கறை விடும் என்றார்.

ஜிஜின் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு செவரைப் பிடிச்சுக் கெட்டணும். இல்லெங்கி காலை நல்லா அகட்டி வைக்கணும். ரெண்டும் இல்லாம இவ்வளவு ஒயரத்துல சாரம் நிக்காது சாரே. காத்தடிச்சா சாரத்தோட சேந்து நாமளும் போவோம்."

"அப்ப அகட்டு" என்றார் தாணுலிங்கம்.

ஆனாலும் உடனே அகட்ட விடவில்லை. தன்னோடு பாசஞ்சரில் போய்வந்த பழைய நண்பர்களின் வாட்ஸப் குழுவில் விஷயத்தைப் போட்டார். ஓய்வுபெற்ற பத்துப் பன்னிரண்டு மேசைகள் விழித்துக்கொண்டன. ஒருவர் மூங்கில் நல்லது என்றார். ஒருவர் மூங்கிலுக்கு அனுமதி வேண்டியிருக்கும் என்றார். ஒருவர் காலை வணக்கமும் தாமரைப்பூவும் அனுப்பினார். சபரீஷ் பெங்களூரிலிருந்து ஏதோ வெளிநாட்டில் அரண்மனை ஒன்றுக்குச் சாரம் கட்டுகிற வீடியோவை அனுப்பிவைத்தான். அதில் குழாய் ஒவ்வொன்றுக்கும் பஞ்சு சுற்றியிருந்தார்கள். "கண்டியா!" என்று அதை அம்மிணியிடம் காட்டினார். அம்மிணி மாடிக்குப் போய் வாளியைக் காலி செய்துவிட்டு வந்தாள்.

மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியபிறகு சாரம் எழுந்தது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, யாரையும் தொடாத பெரிய மனிதரைப் போல அது தனியாக நின்றது. ஆனால் தனியாக நிற்பதற்கு அதற்கு எல்லாப் பக்கமும் சரிந்த கால்கள் வேண்டியிருந்தன. கால்கள் போன இடத்தில் அம்மிணியின் செம்பருத்தி வெட்டப்பட்டது. கறிவேப்பிலைக்கும் அதே கதி. ஒரு கால் கார் வெளியே போகிற வழியில் நின்றது. இன்னொன்று அடுக்களைக் கதவுக்குக் குறுக்கே விழுந்ததில் கதவைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. எல்லாக் கால்களின்மேலும் மணல்மூட்டை ஏற்றினார்கள்.

கடைசிக் கால் மதில் தாண்டி ராஜையாவின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டியிருந்தது. ராஜையா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போய் முன்வரிசையில் உட்காருகிறவர். மதிலுக்கு இந்தப்பக்கம் நடப்பது எதையும் அவர் தவறவிட்டதில்லை.

"வச்சோ சாரே, குழப்பமில்ல" என்றார் ராஜையா. "கோழி மூணு நாளா முட்டை இடேல்ல. அதும் இதத்தான் பாத்துட்டு நிக்குது."

அம்மிணி மீன்கழுவின தண்ணீர்ப் பாத்திரத்தோடு முன்வாசல் வழியாக வீட்டைச் சுற்றி வந்தாள். அடுக்களைக் கதவுக்கு வெளியேதான் அவளுடைய கொல்லையும் கிணறும். "செவருக்கு ஒண்ணும் ஆகேல்லல்லா? அது போதும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். தாணுலிங்கம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஜிஜினின் ஆட்கள் இடுப்புப் பெல்ட்டை மாட்டினார்கள். பெல்ட்டில் தொங்கிய இரும்புக் கொக்கியைத் தாணுலிங்கம் உற்றுப் பார்த்தார்.

"இது செவருல இடிக்குமா மக்கா?"

"ஆளு விழுந்தாத்தான் இடிக்கும் சாரே."

"அப்ப விழப்பிடாது. அத அவனுவகிட்ட கண்டிப்பாச் சொல்லு."

சாரத்திலிருந்து கூரைக்குப் போட்ட பலகை கூரை ஓட்டின்மேல் உட்கார்ந்தது. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆட்கள் மேலே போய் ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் உடைந்திருக்கவில்லை. தண்ணீர்த்தொட்டியைச் சுற்றியும் பார்த்தார்கள், பழுதில்லை. ஒரு வாரமாக மழையில்லை, கூரை காய்ந்து சுட்டது. அந்த நேரத்தில் அம்மிணி கீழே கிணற்று மோட்டரைப் போட்டாள். மேலேயிருந்த ஜிஜின் கூரைவிளிம்பிலிருந்து குனிந்து பார்த்துவிட்டு, சாவகாசமாக இறங்கி வந்தான்.

"சாரே, கூரைக்கு ஒரு கேடும் இல்ல. தொட்டிக்கு வெள்ளம் போற பைப்பு செவருக்குள்ளதான போகுது? அது மேல வளையுற இடத்துல பொட்டியிருக்கு. மோட்டர் போட்டா ஒழுகுது. மழைநேரமா இருந்ததால நாம மழைய குத்தம் சொன்னோம்."

தாணுலிங்கத்துக்கு உடனே புரிந்துவிட்டது. அதனாலேயே புரியாதவர்போலக் கேட்டார்: "அதுக்கு?"

"செவரை ஒடைச்சுப் பொளிக்கணும்."

மதிலுக்கு அந்தப்பக்கம் ராஜையா நாற்காலியை நகர்த்திப் போடுகிற சத்தம் கேட்டது.

"நான் நேர்ல பாக்கணும்" என்றார் தாணுலிங்கம். பணியில் இருந்த காலத்தில் நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிய எந்த இடத்துக்கும் அவர் போனதில்லை. ஆனால் இது சுவர். வேட்டியை மடித்துக் கட்டினார். ஜிஜின் பெல்ட்டை மாட்டி இறுக்கியபோது, அவருடைய வயிறு பெல்ட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு ஊராகப் பிரிந்தது.

"வேண்டாம். இந்த வயசுல கேறாதீங்க" என்றாள் அம்மிணி.

கேறினார். முதல் தட்டில் தைரியமாகத்தான் இருந்தார். இரண்டாவது தட்டில் ஜிஜினின் தோளைப் பிடித்துக்கொண்டார். மேல்தட்டுக்கு வந்தபோது கீழே பார்க்கக் கூடாது என்பதற்காகச் சுவரையே பார்த்தார். அதை இத்தனை பக்கத்தில், இத்தனை உயரத்தில் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

கூரை நிழலுக்குக் கீழே, தரையில் நிற்கிற யாருக்கும் தெரியாத இடத்தில், இரண்டு முழ அகலத்துக்குச் சுவரில் பெயின்டே இல்லை. பூசிய சிமென்ட் அப்படியே கிடந்தது. அதன்மேல் பாசி படர்ந்து, ஒரு குளவி மண்கூடு வேறு கட்டியிருந்தது. பெயின்ட் அடித்தவர்கள் கை எட்டின மட்டும் அடித்துவிட்டு, எட்டாத இடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தான் ஒரு பல்லியைக்கூட அண்டவிடாமல் காத்த சுவர், தலைக்குமேலே இத்தனை காலமும் மொட்டையாக நின்றிருக்கிறது.

"மோட்டர் போடுங்க சேச்சி" என்று ஜிஜின் கத்தினான். கீழே மோட்டர் உறுமியது. கொஞ்ச நேரத்தில் அந்த வெற்றுச் சிமென்டில் முத்துமுத்தாக வேர்த்தது. முத்துகள் சேர்ந்து கோடாகி, பாசியைக் கரைத்துக்கொண்டு, இளநீர் நிறத்தின்மேல் கறுப்பாக இறங்கின.

தாணுலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று நினைத்தார். வந்தது சிரிப்பு மாதிரி ஒன்று. ஆலோசிக்க அங்கே யாரும் இல்லை. குளவி இருந்தது.

"பொளி" என்றார்.

"சாரே?"

"பொளிலே. இனி என்னத்தப் பாக்க?"

கீழே நின்ற அம்மிணிக்கு அது கேட்டது. கணவர் மேலே மயங்கிவிட்டாரோ என்று பதறி, "சாரைப் பிடிச்சுக்கோ மக்கா!" என்று கத்தினாள். அதைக் கேட்டு அவர் கீழே பார்த்துவிட்டார். பார்த்ததும் மணல்மூட்டைகள் தலையணைபோலவும், ராஜையாவின் கோழிகள் கடுகுபோலவும் தெரிந்தன. கால் இரண்டும் பலகையில் ஒட்டிக்கொண்டன. நகர்த்தச் சொன்னால் நகரவில்லை.

"மெதுவா திரும்புங்க சாரே. பெல்ட்டு கிடக்கு, நானும் உண்டு."

திரும்புகிற போக்கில் சாரம் லேசாக ஆடியது. தாணுலிங்கம் இரண்டு கையையும் நீட்டி, மார்பு பதியச் சுவரைப் போய்க் கட்டிக்கொண்டார். பாசி, ஈரம், குளவிக்கூட்டு மண் எல்லாம் அவருடைய உள்ளங்கை வழியாகச் சுவரில் இழுபட்டன.

"சாரே, செவரு! செவரு!" என்று பழக்கதோஷத்தில் ஜிஜின் கத்திவிட்டான்.

"செவரு கிடக்கட்டும்லே, என்னைப் பிடி!"

தட்டுக்குத் தட்டு உட்கார்ந்து உட்கார்ந்து அவரை இறக்கினார்கள். எட்டின இடத்திலெல்லாம் அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். தரைக்கு வந்து பார்த்தபோது, கூரையிலிருந்து அடித்தளம்வரை கறுப்புக் கைகள் இறங்கியிருந்தன. ஏதோ பெரிய குரங்கு ஒன்று இறங்கி வந்ததுபோல இருந்தது. ராஜையா மதிலருகே எழுந்து நின்று, சபையில் பிரசங்கம் முடியும்போது சொல்கிறதுபோல, "ஆமென்" என்றார்.

மறுநாள் பைப்புக்காரன் வந்து, பைப்பு போகிற வழியே கீழே பச்சை நிறம் வரைக்கும் சுவரைப் பொளித்து, உடைந்த வளைவை மாற்றி, சிமென்ட் பூசினான். சாரத்தைப் பிரிக்க ஜிஜின் ஆள் அனுப்பினான். தனுவச்சபுரத்தில் ஒரு கோயில் வேலை அவனுக்காகக் காத்துக்கிடந்தது. தாணுலிங்கம் ஆட்களை நிறுத்திவிட்டு, கல்யாணத்தின்போது மிஞ்சிய பெயின்ட் டப்பாவைச் சாமான் அறையிலிருந்து எடுத்து வந்தார். அடியில் கொஞ்சம் மட்டும் இறுகாமல் இருந்தது. பொளித்த இடத்துக்கு அடித்தால் அளவாக இருக்கும் என்றான் ஜிஜின்.

"அது கிடக்கட்டு. கூரைக்குக் கீழ வெறுஞ்செவரு கிடக்குல்லா, அதுக்கு அடி."

"அத யாரு பாக்க சாரே?"

"நான் பாத்தாச்சுல்லா."

சாரம் போன அன்றைக்கு அம்மிணி அடுக்களைக் கதவைத் திறந்து, திறந்ததைச் சும்மா ஒருமுறை மூடி, மறுபடியும் திறந்தாள். கறிவேப்பிலைக்கு ராஜையா வீட்டிலிருந்து ஒரு கன்று வந்தது. கைத்தடங்களை அடுத்த மழை பாதி கழுவியது. பொளித்த இடத்துச் சிமென்ட் திட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. முழுச் சுவருக்கும் புது நிறம் அடிப்பதா, திட்டுக்கு மட்டும் அடிப்பதா என்பது ஆலோசனையில் இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அந்தத் திட்டைத்தான் பார்க்கிறார்கள். கேட்டால் தாணுலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கூரையில் பழுதில்லை என்பதைத் தான் சாரத்தில் ஏறிக் கண்டுபிடித்த கதையை விரிவாகச் சொல்வார். ஏறியதோடு கதையை முடித்துவிடுவார். இறங்கிய கதையை அடுக்களையிலிருந்து அம்மிணி சொல்வாள்.