இடிதாங்கி செல்வராணி

மணமேல்குடியில் கருவாட்டுக்காரி செல்வராணி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். இடிதாங்கி செல்வராணி என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.

ஆவுடையார்கோவில் பக்கத்து வயல்காட்டில் பிறந்து கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள், இன்று அறந்தாங்கி சந்தையில் கருவாட்டுக் கூடையை இறக்கினால் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. வாய் அப்படி. அப்பேர்ப்பட்டவள் இடிக்கு மட்டும் நடுங்குவாள். போன வருட மழையில் ஒரு இடி விழுந்து, டி.வி.யும் டிஷ் பெட்டியும் சேர்ந்து புகைந்துபோயின. அன்று பிடித்தது அந்தப் பழக்கம். வானம் லேசாக உறுமினால் போதும், வீட்டில் உள்ள ஒயர் அத்தனையையும் பிடுங்கிவிடுவாள். அதோடு விட்டாளா? அடுத்த வீட்டுக்குள்ளும் புகுந்து பிடுங்குவாள். "மதினி, மாவு பாதிதான் அரைஞ்சிருக்கு!" என்று மூக்காயி கத்துவது யார் காதில் விழுந்தது?

இடிக்கு அடுத்து அவளுக்குப் பெரிய தலைவலி, மகள் சுடர்விழியின் கபடி. காலேஜ் படிக்கிற பிள்ளை காலை ஒடித்துக்கொண்டு வந்தால் எவன் கட்டுவான் என்று ஓயாத பாட்டு. ஒரு ஆட்டத்தைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை, பிடிவாதக்காரி. மாநில இறுதிப் போட்டிக்குக் கிளம்பும்போது மகள் வாசலில் நின்று சொன்னாள்: "அம்மா, சனிக்கிழமை டி.வி.யில நேரா காட்டுறாங்க. ஒரே ஒரு தடவை பாரும்மா. பாத்துட்டும் வேணாம்னா, விட்டுர்றேன்." எதையும் கெஞ்சிக் கேட்கிற பிள்ளை இல்லை அது.

சனிக்கிழமை சாயங்காலம் செல்வராணி, அவள் புருஷன் திருப்பதி, டி.வி. ரீசார்ஜ் தீர்ந்துபோன மூக்காயி, மூவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். சுடர்விழி முதல் தடவை பாடிப் போக எழுந்தாள். அவ்வளவுதான், கடல் பக்கமிருந்து கருமேகம் வந்து கவிழ்ந்தது. பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்து நின்றது.

"மேகம் அடைச்சிருச்சு. மழை விட்டா தானா வரும்" என்றார் திருப்பதி. செல்போனில் பார்க்கலாம் என்றால், அந்தத் தெருவில் வெயில் நாளிலேயே அது வட்டம் சுற்றும். பளீரென்று மின்னி, வீடு அதிர ஒரு இடி. வாசலில் இருந்த கருவாட்டுக் கூடைகளை எடுக்க எல்லோரும் ஓடினார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மழையும் விட்டது. மேற்கே வெயில்கூட எட்டிப் பார்த்தது. டி.வி.யில் மட்டும் அதே எழுத்து.

"டிஷ்ஷு காத்துல அசைஞ்சிருக்கும்" என்று திருப்பதி மாடிக்கு ஏறினார்.

"வருதா?"

"வரலைங்க!"

"இங்கிட்டுத் திருப்பவா?"

"எங்கிட்டாச்சும் திருப்புங்க! ஆட்டம் முடியப்போகுது! ஒரு டிஷ்ஷைப் பாத்துக்க வக்கில்ல, ஆம்பளையாம்!"

அழுகை முட்டியது அவளுக்கு. பாவி மழை, இன்றைக்கா வர வேண்டும்? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தவள், டி.வி. மேசைக்குக் கீழே பார்த்தாள். டிஷ் ஒயர் தரையில் கிடந்தது. அவள் கையே பிடுங்கிப் போட்டது. கூடையை எடுக்க ஓடிய அவசரத்தில் அது ஒன்றுதான் கைக்குச் சிக்கியிருக்கிறது. இடி கேட்டதும் கை தன் வேலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது, அவளுக்கே தெரியாமல்!

சத்தமில்லாமல் சொருகினாள். வரவில்லை. எப்படி வரும்? அதற்குள்தான் மனுஷன் டிஷ்ஷைத் திசை மாற்றிவிட்டாரே.

"என்னங்க... பழையபடியே வைங்க."

"ஏன்டி?"

"ஒயரு... நாந்தான் பிடுங்கிட்டேன்."

மூக்காயி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். திருப்பதி குழாயில் துருப்பிடித்திருந்த தடத்தைப் பார்த்து டிஷ்ஷைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

படம் வந்தது. கடைசி நிமிடங்கள். சுடர்விழி பாடிப் போகிறாள். ஒருத்தி காலைப் பிடிக்க, இன்னொருத்தி இடுப்பில் விழ, மூன்றாவதாக ஏழாம் நம்பர் சட்டைக்காரி முடியைப் பிடித்து இழுக்க, பிள்ளை அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டாள். செல்வராணி எழுந்து நின்றுவிட்டாள். "விடுங்கடி எம்புள்ளைய! அப்படித்தான்டி, என் தங்கமே!" தெருவே எட்டிப் பார்த்தது. இத்தனை பலத்தை இந்தப் பிள்ளை எங்கே வைத்திருந்தது? இதையா வேண்டாம் என்றோம்? அவளுக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஒரே ஒரு புள்ளியில் தோற்றுப்போனார்கள்.

இருட்டுகிற நேரத்தில் போன் வந்தது. அந்தப் பக்கம் விசும்பல். "பாத்தியாம்மா? தோத்துட்டோம். இனிமே விட்டுர்றேன்."

"எதை விடுவ? ஒன் முடியப் பிடிச்சு இழுத்தாளே அந்த ஏழாம் நம்பர்காரி, அவளைச் சும்மா விட்டுட்டு வந்திருக்க பாரு, அதுக்குத்தான்டி ஒன்னைத் திட்டணும்! அடுத்த ஆட்டம் எந்த ஊருல? சொல்லு, நானும் வாரேன்."