கந்தம்மாள் விரலை விரித்த கதை

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குடியிருந்த கந்தம்மாளுக்கு 1977-இல் முப்பத்தாறு வயது. கட்டுத்தறியில் ஐந்து எருமைகள். அவள் உருக்கிய நெய் என்றால் ராசிபுரத்து வியாபாரிகள் மோந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஐந்தையும் அவளே கறப்பாள். கணவன் சென்னிமலை போய் மடியைத் தொட்டால் எருமைகள் பாலை அடக்கிக்கொள்ளும். அதைப் பற்றி அவனுக்கு வருத்தமும் இல்லை.

அந்த வருடம் மாசி மாதத்தில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு ஏற்றிவந்த மாட்டுவண்டி வாய்க்கால் மேட்டில் குடைசாய்ந்தது. மேலே உட்கார்ந்திருந்த கந்தம்மாளின் வலது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் முறிந்தது. கட்டுப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டிலிருந்து கை தொங்கியது. முழங்கையை மடக்கினாள், நீட்டினாள். விரல்களை மடக்கவும் முடிந்தது. மடக்கிய விரல்களைத் திரும்ப விரிக்கத்தான் முடியவில்லை.

அதைவிட அவளைத் திகைக்கவைத்தது வேறொன்று. விரல்கள் மடங்குகின்றனவே, கறக்கலாம் என்று எருமையிடம் உட்கார்ந்தாள். காம்பைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. சொட்டுப் பால் இறங்கவில்லை.

"நாளாக நாளாகச் சரியாயிரும் புள்ள" என்றான் சென்னிமலை. ஆகவில்லை. இடது கையால் மட்டும் கறந்ததில் இரண்டு எருமைகள் சீக்கிரமே வற்றிப்போயின. வலது முன்கையின் மேல்பக்கச் சதை வற்றிக் குழிவிழுந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்கள், கை செத்துப்போச்சு என்று அவள் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் சாணிக்கூடையை நகர்த்தும்போது, தொங்கும் வலது மணிக்கட்டை இடது கையால் தூக்கிப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் வலது கைவிரல்கள் கூடையின் விளிம்பை இறுகக் கவ்வின. விட்டாள், பிடி தளர்ந்தது. தூக்கினாள், மறுபடி இறுகியது. அன்றைக்கே ஒரு மூங்கில் பட்டையைச் செதுக்கி, மணிக்கட்டு நிமிர்ந்து நிற்கிற மாதிரி முன்கையின் அடியில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டாள். பிடி வந்தது. விரலை விரிக்க மட்டும் ஒவ்வொரு தடவையும் இடது கை வரவேண்டியிருந்தது.

அந்தப் பட்டையோடுதான் மறு வருடம் ஐப்பசியில் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கை அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டர் ஒருவர் அங்கே வந்துபோகிறார் என்று சென்னிமலை கேள்விப்பட்டிருந்தான்.

டாக்டர் முதலில் பட்டையைத்தான் பார்த்தார். "இதை யார் கட்டிவிட்டது?"

"நானேதானுங்க. மணிக்கட்டு நிமிந்தாத்தான் விரல் புடிக்குதுங்க."

டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எலும்பு முறிந்தபோது அதை ஒட்டிச் சுற்றிவரும் நரம்பு அறுபட்டிருக்கிறது என்றார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுக்கும் விரலை விரிக்கும் தசைகளுக்கும் அந்த நரம்பு வழியாகத்தான் கட்டளை போகும். இருபது மாதமாகக் கட்டளை வராமல் அந்தத் தசைகள் வற்றிவிட்டன. இனி நரம்பை ஒட்டியும் பெரிய பலன் இருக்காது.

"ஆனா மடக்குகிற தசைகள் எல்லாம் நல்லா இருக்கு. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனாலதான் மடக்க ஒரு கூட்டம், விரிக்க எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம். மடக்குகிற பக்கத்திலிருந்து மூன்று தசைகளின் நுனியை அறுத்து, விரிக்கிற பக்கம் கொண்டுவந்து தைக்கப்போறேன்."

"மூணை எடுத்துட்டா மடக்கறதுக்கு என்னங்க இருக்கும்?" என்று கேட்டான் சென்னிமலை.

"ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றுக்கு மேல் இருக்கு. மிச்சம் இருக்கிறது போதும்."

பிறகு கந்தம்மாளிடம் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டு மணிக்கட்டை மடக்கச் சொன்னார். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல ஒன்று புடைத்து எழுந்தது. "இந்தத் தசை சில பேருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லாட்டியும் ஒரு குறையும் தெரியாது. உங்களுக்கு இருக்கு. இதைக் கட்டைவிரலுக்குக் கொடுத்துடலாம்."

கார்த்திகையில் அறுவை நடந்தது. நான்கு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் பயிற்சி கொடுக்க வந்தவர் மயில்சாமி. ஜலகண்டாபுரத்துக்காரர், முப்பது வயதிருக்கும்.

"விரலை விரியுங்கக்கா" என்றார். விரியவில்லை. ஒரு வாரம் ஆகியும் விரியவில்லை. கந்தம்மாள் பல்லைக் கடித்து விரல்களையே முறைத்துப் பார்ப்பாள். அவை அசையாமல் கிடக்கும்.

"விரலை நினைக்காதீங்கக்கா. இப்ப விரலை விரிக்கப்போறது முன்னால மணிக்கட்டை மடக்கிட்டு இருந்த சதை. அதுக்குப் போற நரம்பு மாறலை, பழைய நரம்புதான். மணிக்கட்டை மடக்கற மாதிரி நினைச்சாத்தான் அது இழுக்கும்."

"சதை எப்படித் தம்பி இழுக்குது? சும்மா மெத்துனு கெடக்குது, நெனச்ச ஒடனே கல்லாட்டம் ஆவுதே."

இந்தக் கேள்வியை மயில்சாமியிடம் நோயாளி யாரும் கேட்டதில்லை. அவர் உற்சாகமாகிவிட்டார். ஒரு தசை என்பது கட்டுக்குள் கட்டாக அடுக்கிய இழைகள் என்றார். ஒவ்வொரு இழைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் மாற்றி மாற்றிக் கிடக்கின்றன. தடித்த இழையில் வரிசையாகக் கைகள் மாதிரி முளைத்திருக்கும். நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் அந்தக் கைகள் மெல்லிய இழையைப் பிடித்து இழுக்கும், விடும், அடுத்த இடத்தைப் பிடித்து இழுக்கும்.

"கெணத்துல தண்ணி சேந்தற மாதிரிங்களா? கை மாத்தி மாத்தி?"

"அதேதானுங்க. தண்ணி சேந்தறப்ப கயிறு சுருங்கறதில்லை, வழுக்கி உள்ள வருது. இங்கயும் எந்த இழையும் சுருங்கறதில்லை. ஒண்ணுக்குள்ள ஒண்ணு நகந்து போகுது. அதனால மொத்தச் சதையும் குட்டையாகுது. கட்டளை வந்ததும் உள்ள சுண்ணாம்புச் சத்து கசியும். அது வந்தாத்தான் அந்தக் கைக்குப் புடிக்க எடம் கெடைக்கும்."

கந்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கன்னு போட்ட எருமை சிலது எந்திரிக்க மாட்டாம படுத்துக்கும். கால்நடை டாக்டர் வந்து சுண்ணாம்புச் சத்து ஊசி போடுவாருங்க. போட்டுக் கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நின்னுக்கும்."

"அதே சத்துதானுங்கக்கா. பாலுக்கெல்லாம் போயிருச்சுன்னா சதைக்கும் நரம்புக்கும் பத்தாமப் போயிரும்."

அவள் தன் வலது முன்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "தம்பி, உங்க கையைக் குடுங்க" என்றாள். அவர் முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மடக்கிக் காட்டச் சொன்னாள். சுண்டுவிரல் பக்கமாக ஒரு சதை திரண்டு எழுந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். "இதையா எனக்கு மாத்தித் தெச்சிருக்குது?"

"ஆமாங்க."

"தட்டு வெட்டற அன்னிக்கு இந்தப் பக்கந்தான் எனக்குக் கடுக்கும்."

கண்ணை மூடினாள். சோளத்தட்டுக் கட்டு முன்னால் கிடப்பதாகவும், அரிவாளை ஓங்கி இறக்கி மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவதாகவும் நினைத்தாள். கை மேசைமேல்தான் இருந்தது. நான்கு விரல்களும் ஒருசேர விரிந்தன.

கண்ணைத் திறக்காமலேயே, "விரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். "விரிஞ்சுதுங்கக்கா, பாருங்க" என்றார் மயில்சாமி. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். மறுபடி வெட்டினாள், மறுபடி விரிந்தன. அன்று மதியச் சோறு ஆறிப்போகும்வரை அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

மணிக்கட்டை நிமிர்த்தும் இடத்தில் தைத்திருந்தது உள்ளங்கையைக் கவிழ்க்கிற சதை; அதனால் மணிக்கட்டை நிமிர்த்த, உள்ளங்கையைக் கீழே கவிழ்ப்பதாக நினைக்கவேண்டும். அதற்கு அடுப்பிலிருந்து நெய்ச்சட்டியைச் சாய்த்து ஊற்றுகிற அசைவை எடுத்துக்கொண்டாள். கட்டைவிரலும் இரண்டு வாரத்தில் வசப்பட்டது. பயிற்சி அறையில் இதேபோல அறுவை முடிந்து தவித்த லாரி டிரைவர் அங்கமுத்துவிடம், "நீங்க எந்த வேலையில மணிக்கட்டைச் சுண்டுவீங்க?" என்று அவளே போய்க் கேட்டாள். டயரில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன் என்றார். "அப்பத் தட்டுங்க" என்றாள். மூன்றாம் நாள் அவர் விரலும் திறந்தது.

பங்குனியில் வீடு திரும்பினாள். பட்டையில்லாத வலது கையோடு எருமையின் அருகில் குத்துக்காலிட்டாள். மணிக்கட்டு நிமிர்ந்தது, விரல்கள் விரிந்து காம்பைச் சுற்றின, இறுகின. முதல் பீய்ச்சல் செம்பின் அடியில் கணீரென்று விழுந்தது. கட்டுத்தறிக்கு வெளியே நின்ற சென்னிமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உள்ள வராதீங்க, எருமை பாலை அடக்கிக்கும்" என்றாள் அவள்.

இரண்டு வருடத்தில் எருமைகள் ஏழாயின. கையால் வெட்டிய தட்டு, கையால் கறந்த பால், கையால் கடைந்த மோர். எப்போதிலிருந்தோ அவள் அரிவாளை நினைப்பதையும் விட்டிருந்தாள். விரி என்றால் விரல் விரிந்தது.

1983-இல் டாக்டர் ஆளனுப்பி அவளைச் சேலத்துக்கு வரவழைத்தார். இருபது மருத்துவ மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கந்தம்மாள் முன்னால் நின்று கையை மூடித் திறந்து காட்டினாள்.

"விரலை இப்போ எந்தத் தசை விரிக்குது?" என்று டாக்டர் கேட்டார். முதல் வரிசையில் ஒருவன் எழுந்து, புத்தகத்தில் இருந்தபடி, விரல்களை விரிக்கும் தசை என்றான்.

"அது வத்திப்போச்சு சாமி" என்றாள் கந்தம்மாள். "மணிக்கட்டை மடக்கிட்டு இருந்ததைக் கொண்டாந்து விரல்ல தெச்சிருக்குது. வேணும்னா தொட்டுப் பாருங்க."

கையை நீட்டி நின்றாள். இருபது பேரும் எழுந்து வரிசையில் வந்தார்கள்.