நோன்பு மாதத்து ஓணான்கள்

எண்பதுகளில் இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாற்பத்திரண்டு ஓணான்களை அறுத்தேன். ஊர்வனவற்றின் குடல் அமினோ அமிலத்தை எப்படி உறிஞ்சுகிறது என்பது என் ஆராய்ச்சி. பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரமாகும்.

மூன்று நாள் பட்டினி போட்ட ஓணானின் குடலை உள்புறம் வெளியே வரத் திருப்பி, இரு முனையையும் நூலால் கட்டி, அமினோ அமிலம் கலந்த உப்புக் கரைசலில் அரை மணி மிதக்கவிட்டு, உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று அளப்பேன். முதல் பதினெட்டும் ஒத்துவந்தன. பிறகு எண்கள் தாறுமாறாயின. ஒரு குடல் மெலிந்து கொஞ்சமாக இழுத்தது. இன்னொன்று தடித்து இரண்டு மடங்கு இழுத்தது. கரைசலை ஐந்து முறை மாற்றியும் பயனில்லை.

எரிச்சலில் கடைசி ஓணானின் இரைப்பையைக் கீறினேன். மற்றவற்றின் இரைப்பையைப் பார்க்காமலே எறிந்திருந்தேன். உள்ளே கரையான்கள். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஏர்வாடிக்கார அட்டெண்டரைக் கூப்பிட்டேன்.

"பாய், தீனி போட்டீங்களா?"

"ஆமா சார். நோன்பு திறக்கையில நான் கஞ்சி குடிக்கேன், இதுக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நோன்பு தொடங்குனதுல இருந்து தெனம் ஒரு சிரட்டை கரையான் கொட்டுதேன்."

தின்ற குடல் தடித்து அதிகம் உறிஞ்சியிருக்கிறது. எண்கள் பொய் சொல்லவில்லை. தின்றவை எவை என்று தெரிந்தால் அதையே ஆய்வாக எழுதிவிடலாம்.

"எந்தெந்தக் கூண்டுக்குப் போட்டீங்க?"

"கைக்கு எட்டுன கூண்டுக்கு. இதையெல்லாம் எழுதியா வைப்பாக? உங்க மூஞ்சியும் ஓணான் கணக்கா வத்திக் கெடக்கு. கஞ்சி கொண்டாரவா?"

இருபத்துநான்கு பக்கங்களைக் கோடு போட்டு அடித்தேன். மறுபடி அத்தனை ஓணான் பிடிக்கத் தெம்பில்லை. கஞ்சியை மட்டும் குடித்தேன்.