உள்ளே விட்ட துணி

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். என் கணவர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். மகள் இரண்டாவது படிக்கும்போது கிளம்பிப் போனார். மகனுக்கு அப்போது பேச்சே சரியாக வராது.

போன புதிதில் ஒருநாள், முதுமலையில் யானைகள் ரோட்டைக் கடக்கும் வீடியோ ஒன்றை அனுப்பினார். அன்றைக்கே போனில் பிள்ளைகளிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். அடுத்த லீவுக்கு வந்ததும் நான்கு பேரும் முதுமலை போகிறோம், காட்டுக்குள்ளே வனத்துறை வண்டியிலேயே சுற்றுகிறோம் என்று. அவ்வளவுதான், அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

எப்போது போன் செய்தாலும் அவர் அந்தப் பாடத்தைத்தான் நடத்துவார். "பச்ச கலர் துணி போடணும். சென்ட் அடிக்கக் கூடாது. முக்கியமா வாயத் தொறக்கக் கூடாது. சத்தம் கேட்டா எல்லாம் ஓடிப்பூடும்." பிள்ளைகள் விடுவார்களா? சாயங்காலம் ஆனால் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மகள் வண்டி ஓட்ட, மகன் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேரும் உதட்டில் விரல் வைத்தபடி காட்டுக்குப் போவார்கள். எனக்கு நல்லதாகப் போயிற்று. அந்த நேரத்தில் நிம்மதியாக நாலு ஜாக்கெட் வெட்டுவேன்.

அப்போதுதான் எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. ஒரே பச்சைத் துணியாக வாங்கி, பிள்ளைகளுக்கும் அவருக்கும் சட்டை, எனக்கு ஒரு சுடிதார் என்று தைத்தேன். வளரும் பிள்ளைகள் அல்லவா, தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத்தான் தைத்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அவர் சட்டையை மட்டும் பழைய சட்டையின் அளவு வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு பீரோவில் வைத்தேன்.

அந்த வருடம் லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகளின் சட்டைகளைக் கொஞ்சம் பிரித்து விட்டேன். அடுத்த வருடமும் கிடைக்கவில்லை. மறுபடி பிரித்தேன். காட்டு விளையாட்டுக்குத் தினமும் போட்டுப் போட்டு வெளுத்த சட்டையில், உள்ளே இருந்து புதிதாக வெளியே வந்த துணி மட்டும் பளிச்சென்று கரும்பச்சையாகத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு வளர்ந்துவிட்டார்களே, அவர் பார்க்கவில்லையே என்று இருக்கும். மூன்றாவது முறை பிரித்தபோது உள்ளே விளிம்புதான் மிச்சம்.

ஒருவழியாக மாசியில் வந்தார். வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து மகன் ஓடிப்போய் என் பின்னால் ஒளிந்துகொண்டான். போனில் அவ்வளவு வாய் பேசுகிறவன், நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் குளித்துவிட்டு வந்து அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். தோள் இறங்கித் தொளதொள என்று தொங்கியது.

"இன்னா, அளவ தப்பா வெச்சுட்டியா?" என்றார்.

"அளவு சரியாத்தாங்க கீது. ஆளுதான் கம்மியாயிட்டீங்க" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நூல் கோர்ப்பதுபோல மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பிடித்துத் தைத்துத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

மறுநாள் முதுமலைக்குப் போன் போட்டார். வெயிலில் காட்டுத்தீ பயம், வண்டிச் சவாரியை நிறுத்தி வைத்திருக்கிறோம், எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அவருக்கு இருந்ததோ கொஞ்ச நாள் லீவு. எனக்கு வந்ததே கோபம்! "இத்தினி வருஷமா காடு காடுன்னு பேசிக்கினு இருந்தீங்களே, எந்த மாசம் தொறந்து இருக்கும்னு ஒருத்தரையாவது கேட்டீங்களா?" என்று பிடிபிடி என்று பிடித்தேன். பாவம், எந்த மாதம் லீவு கொடுப்பார்கள் என்பது அவர் கையிலா இருக்கிறது? மகள்தான் மெதுவாகக் கேட்டாள்: "ஏம்ப்பா, நம்ம ஊர் பக்கத்துல கல்வராயன் மலகூட காடுதானே?"

தெரிந்தவர் ஒருவரின் ஜீப்பைப் பேசிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே நான்கு பேரும் பச்சை உடையில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறியது. மரங்களெல்லாம் இலை உதிர்த்து நின்றன. பிள்ளைகள் கப்சிப். ஒரு வளைவில் குரங்குக் கூட்டம், இன்னொரு வளைவில் காட்டுக்கோழி ஒன்று குறுக்கே ஓடியது. கண்ணை அகல விரித்துப் பார்த்தார்களே தவிர, மூச்சு விடவில்லை.

"இன்னா சார், பரீட்சைக்கு ஒக்காந்த மாதிரி வராங்க புள்ளைங்க?" என்று டிரைவர் சிரித்தார்.

என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். "இங்க புலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேசுடா" என்றார். அவன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான்.

"போன்லயே உங்க கொரலக் கேட்டுக்கினு கெடந்தேன்டா. கிட்டக்க ஒக்காந்து கேக்கணும்னுதான் இம்மாந்தூரம் வந்தேன். எதுனா பேசுடா சாமி" என்றார். அவர் குரல் கெஞ்சியது. அதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

மகன் அவர் காதருகே போய்க் கிசுகிசுத்தான். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"சத்தம் போட்டா ஓடிப்பூடும்னு நீதானே சொன்ன."

"எதுடா ஓடிப்பூடும்?"

தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் சட்டையை இடுப்புப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். மிருகம் இல்லை, அப்பா போய்விடுவார் என்றுதான் அவன் பயப்படுகிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அவர் அவனை அப்படியே மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு யாரும் அவனைப் பேசச் சொல்லவில்லை. வெள்ளிமலையில் டீக்கடை முன்னால் வண்டி நின்றபோது அவனாகவே, "எனக்கு வட வேணும்பா" என்றான். அந்த வடைக்கு அவர் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். சட்டையை விட்டுவிட்டுத்தான் போனார். மகன் பிடித்த இடத்தில் இருந்த கசங்கலை நான் இன்னும் இஸ்திரி போடவில்லை. முதுமலைப் பேச்சு மறுபடி போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று பாடம் நடத்துவதில்லை. "வண்டில நல்லா பேசிக்கினு போலாம், மிருகம் ஓடினா ஓடட்டும்" என்கிறார். மகள் மட்டும், "பாக்கலாம்பா" என்கிறாள். அவளுடைய பச்சைச் சட்டையில் இப்போது கை நுழையாது.

யாராவது பிள்ளைக்குத் தைக்கத் துணி கொடுத்து, "வளர்ற புள்ளைங்க, உள்ள நல்லா விட்டுத் தைங்க" என்றால் தாராளமாக விட்டுத்தான் தைத்துக் கொடுக்கிறேன். எவ்வளவு விட்டாலும் ஒருநாள் தீர்ந்துபோகும், அதற்குள் அவர்களோடு போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்து, தினமும் அப்படியே நின்றுவிடுகிறது.